வன்னியில் குடும்ப வன்முறையைத் தடுக்க மூத்த பெண்களின் குரல் துணைநிற்குமா?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 25 ஆம் திகதி பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1999 இல் பிரகடனம் செய்த இத்தினத்திலிருந்து மனித உரிமைகள் தினமான டிசம்பர் 10 ஆம் திகதி வரையிலான 16 நாட்களும் உலகெங்கும் விழிப்புணர்வுக் காலமாகக் கொள்ளப்படுகின்றன. வடமாகாணத்திலும் அரச அலுவலகங்களும் அரச சார்பற்ற நிறுவனங்களும் இக்காலத்தில் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் நடத்துகின்றன. அவற்றுக்கு அழைக்கப்படுவோர் பெரும்பாலும் இளம் தாய்மாரும், பாடசாலை மாணவிகளும், மாதர் சங்க நிர்வாகிகளுமே. அவர்கள் கூட்டம் முடிந்து திரும்பும்வரை வீட்டிலிருந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவையும் அப்பம்மாவையும் எவரும் அழைப்பதில்லை.

ஆனால், கணவனிடம் அடிபட்ட பெண் முதலில் சென்று நிற்பது பொலிஸ் நிலையத்தின் வாசலில் அல்ல. பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் அல்ல. பெரும்பாலும் அவள் தன் தாயிடமே செல்கிறாள். பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தத் தாய் அம்மம்மா. அந்த மூதாட்டி அவ்வேளையில் கூறும் முதல் வார்த்தை எதுவோ, அதுவே பல சந்தர்ப்பங்களில் அப்பெண்ணின் அடுத்த பத்தாண்டு வாழ்க்கையைத் தீர்மானித்து விடுகிறது. இந்த உண்மையை நமது திட்டமிடலாளர்கள் இதுவரை போதிய கவனத்தில் கொள்ளவில்லை.

பிரச்சினையின் பரிமாணம் சிறியதல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்களின் நல்வாழ்வு பற்றிய தேசிய ஆய்வின்படி, இலங்கையில் துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர், அதாவது 20.4 வீதமானோர், தமது வாழ்நாளில் அத்துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு உள்ளாகியுள்ளனர். துணைவரால் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் வெட்கத்தினாலும், தம்மையே குறைகூறுவார்கள் என்ற அச்சத்தினாலும், இது வழமையானதே என்ற எண்ணத்தினாலும் முறையான உதவி எதனையும் நாடவில்லை. இந்த மௌனம் வீட்டுக்குள்ளேயே உருவாகிறது. அதனைக் கலைப்பதற்கான முயற்சியும் வீட்டுக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

இதனை மல்லாவி போன்றதொரு பிரதேசத்தில் வைத்து நோக்குவது பொருத்தமானது. முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரிவில், மாங்குளத்துக்கு மேற்கே அமைந்துள்ள மல்லாவி, வவுனிக்குளத்தின் நீரை நம்பி நெல் விளையும் கிராமங்களின் நடுவே உள்ள சிறு பட்டினம். இங்கிருந்து மாவட்டச் செயலகம் அமைந்துள்ள முல்லைத்தீவு நகருக்குச் செல்ல அறுபது கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம் பயணிக்க வேண்டும். உட்கிராமமொன்றில் வாழும் பெண் பிரதான வீதிக்கு வருவதற்கே அரைநாள் கூலியை இழக்க நேரிடும். இரவில் நிகழும் வன்முறைக்கு அயலவரையும் உறவினரையும் விட்டால் உடனடிப் புகலிடம் வேறு இல்லை.

இப்பிரதேசத்தின் மூத்த பெண்கள் யார் என்பதையும் மறந்துவிடலாகாது. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தபோது இடம்பெயர்ந்து வந்த பெருந்தொகையான மக்களையும் அலுவலகங்களையும் ஏற்றுத் தாங்கிய இடம் மல்லாவி. அன்று தம் வளவுகளில் அந்நியருக்குக் கொட்டில் போட இடங்கொடுத்த பெண்களே இன்று இங்கு பாட்டிமாராக இருக்கின்றனர். 2008 செப்டெம்பரில் மல்லாவியும் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது அவர்களும் மூட்டை முடிச்சுகளுடன் கிழக்கு நோக்கி நடந்தனர். முள்ளிவாய்க்கால் வரை சென்று, செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டு, 2009 இன் இறுதியிலிருந்து படிப்படியாக மீள்குடியேற்றப்பட்டனர். வடக்கிலும் கிழக்கிலும் 89,000 விதவைகள் இருப்பதாக 2010 இல் அரசாங்கத் தரப்பிலிருந்தே கூறப்பட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளை இக்குடும்பங்களில் வளர்த்தெடுத்தவர்கள் பெரும்பாலும் பாட்டிமாரே.

இவர்கள் பொதுவெளிக்கு வரத் தயங்குபவர்கள் என்று கருதுவதும் தவறாகும். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் ஆரம்பித்து, வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் பரவிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டத்தை ஆண்டுக்கணக்கில் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்து நடத்தியவர்களில் பெரும்பாலானோர் முதிய தாய்மாரே. பதில் கிடைக்காமலே அவர்களுள் பலர் இறந்தும் போயினர். அரசையும் சர்வதேசத்தையும் நோக்கி அஞ்சாமல் கேள்வி கேட்ட இத்தாய்மாரின் குரல், வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றி மட்டும் ஏன் தாழ்ந்து ஒலிக்கிறது? இக்கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேட வேண்டும்.

'பொறுத்துப் போ பிள்ளை' என்பதே அடிபட்டு வந்த மகளுக்கு நமது ஊர்களில் வழமையாகக் கிடைக்கும் அறிவுரை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்ற பழமொழியும் உடன் சொல்லப்படும். இதனை அறியாமை என்றோ பிற்போக்குத்தனம் என்றோ படித்தவர்கள் எளிதில் ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் அது பெரும்பாலும் ஒரு கணக்கு. மகள் கணவனை விட்டு வந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் உணவு எங்கிருந்து வரும்? வீட்டுக்கு ஆண்துணை இல்லையென்றால் அயலில் என்ன கதை எழும்? இரண்டாவது மகளின் கலியாணம் என்னாகும்? நுண்கடனுக்கு யார் பதில் சொல்வது? வேறு வழியெதனையும் தன் வாழ்நாளில் கண்டிராத ஒரு பெண், தான் பிழைத்திருந்த வழியையே மகளுக்கும் காட்டுகிறாள். அவளும் இளமையில் அதே அடியைத் தாங்கியவளாக இருக்கக்கூடும்.

இக்கணக்குக்குச் சட்டமும் நிர்வாகமும் நீண்டகாலம் துணைபோயின என்பதைக் கூறாமல் விட முடியாது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் திருமணமானோர் பெண்ணின் பெற்றோருடனோ அவர்களுக்கு அருகிலோ வாழ்வது பெருவழக்கு. வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதப்படுவதும் உண்டு. எனினும் தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவி, தன் பெயரிலுள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. மறுபுறம், அரச குடியேற்றத் திட்டங்களின் காணி அனுமதிப்பத்திரங்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே வழங்கப்பட்டன. அக்காணிகளின் பின்னுரிமையில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை அளித்து வந்த 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022 இல்தான் திருத்தப்பட்டது. கடன்சுமையும் இதனுடன் சேர்ந்தது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க முன்வர வேண்டியிருந்தது என்பது நிலைமையின் பாரதூரத்தைக் காட்டப் போதுமானது. இவ்வாறு எல்லாக் கதவுகளும் மூடியிருக்கும் நிலையில் மூதாட்டியின் வாயிலிருந்து மட்டும் துணிச்சலான வார்த்தையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

எனினும், மூத்த பெண்களின் செல்வாக்கை நன்மைக்குத் திருப்ப முடியும் என்பதற்கு வெளிநாட்டு அனுபவங்கள் சில சான்றாக உள்ளன. மேற்கு ஆபிரிக்க நாடான செனகலின் தெற்கே வெலிங்காரா என்ற பகுதியில், ஜூடி ஓபெல் என்ற பெண்மணி நிறுவிய 'பாட்டிமார் செயற்றிட்டம்' என்ற அமைப்பு 2008 முதல் பணியாற்றி வருகிறது. சிறுமியரின் பிறப்புறுப்புச் சிதைப்பும் சிறுவயதுத் திருமணமும் அங்கு வழக்கில் இருந்தன. அவ்வழக்கங்களைக் கட்டிக் காத்தவர்களும் பாட்டிமாரே. அந்த அமைப்பினர் அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. முதலில் சபையில் வைத்துக் கௌரவித்தனர். பிள்ளை வளர்ப்பில் அவர்களுக்குள்ள அனுபவத்தை மதித்தனர். பின்னர், முடிவு கூறப்படாத கதைகளை அவர்கள் முன் வைத்து, 'இந்தக் கதையில் வரும் பிள்ளைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று வினவினர். தலைவர்களையும் ஆசிரியர்களையும் ஆண்களையும் இளம் பெண்களையும் பாட்டிமாருடன் ஒரே அரங்கில் அமர்த்தினர். கட்டளையாக வந்திருந்தால் எதிர்க்கப்பட்டிருக்கக்கூடிய மாற்றம், தாமே கலந்து பேசி எடுத்த முடிவாக வந்தபோது ஏற்கப்பட்டது.

சிம்பாப்வேயின் அனுபவம் நமக்கு இன்னும் அருகிலானது. 2005 இல் அந்நாட்டு அரசாங்கம் நகர்ப்புறக் குடியிருப்புகளைத் தகர்த்தபோது சுமார் ஏழு இலட்சம் பேர் வீடுகளையோ வாழ்வாதாரத்தையோ இழந்ததாக ஐ.நா. மதிப்பிட்டது. அதனையடுத்து, மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 மூதாட்டியருடன் 'நட்பு இருக்கை' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண்ணொருவர், வைத்தியசாலைக்கு வர பஸ் கட்டணம் இல்லாமையால் வராது, உயிரை மாய்த்துக்கொண்ட துயரமே அவரை இவ்வழிக்குத் திருப்பியது. சுகாதார நிலைய வளவில் மரநிழலில் போடப்பட்ட வாங்கொன்றில் அமர்ந்து, மூதாட்டியர் துயருற்றோரின் பேச்சைக் கேட்டனர். முறையான பயிற்சியும், மருத்துவ நிலையத்தின் மேற்பார்வையும் அவர்களுக்கு இருந்தன. இத்திட்டத்தின் பயிற்சி பெற்ற ஊழியர்களை வைத்து 573 பேரிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வு, ஆறு மாதங்களின் பின் அவர்களிடம் உதவி பெற்றோரில் 13.7 வீதமானோரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்ததாகவும், வழமையான கவனிப்பைப் பெற்றோரில் அது 49.9 வீதமாக இருந்ததாகவும் தெரிவித்தது. மனச்சோர்வு பற்றிய இந்த ஆய்வு வன்முறையைத் தடுத்ததற்கான சான்றாகாது. ஆனால் படித்த வல்லுநர்கள் எட்ட முடியாத இடத்தில், பயிற்சி பெற்ற ஓர் உள்ளூர்ப் பெண் கேட்டுக்கொண்டிருப்பதே எவ்வளவு பலனளிக்கும் என்பதை அது காட்டுகிறது.

இவ்விரு அனுபவங்களையும் அப்படியே பெயர்த்து வன்னியில் நட முடியாது. செனகலில் கணவனின் தாயே வீட்டை ஆள்பவர். இங்கோ அம்மம்மாவே பெரும்பாலும் பெண்ணுக்கு அருகில் இருப்பவர். இது நமக்குச் சாதகமான வேறுபாடு. அடிபடும் பெண் அவருடைய சொந்த மகள் என்பதால் மாற்றத்துக்கான மனம் ஏற்கெனவே அங்கு உள்ளது. அதேவேளை, மருமகனின் உழைப்பில் வாழ நேர்ந்த மாமியாருக்கு அவனை எதிர்த்துப் பேசும் வலு குறைவு என்பதும் உண்மை.

இனி, நம் சட்டம் அவருக்கு எதனை வழங்குகிறது என்று பார்ப்போம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் காப்புக் கட்டளை கோரலாம். அக்கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். வன்முறை புரிந்தவரை அவ்வீட்டினுள் நுழைய விடாமல் தடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. பாதிக்கப்பட்டவர் பிள்ளையாயின், பெற்றோரோ பாதுகாவலரோ மட்டுமன்றி, அப்பிள்ளை யாருடன் வசிக்கிறதோ அவரும் மனுச் செய்யலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, பேரப்பிள்ளையை வளர்க்கும் அம்மம்மா இச்சொற்றொடருக்குள் அடங்குவார். வயதுவந்த மகளின் பொருட்டு அவர் நேரடியாக மனுச் செய்ய முடியாது. ஆனால் மகளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் மனுச் செய்ய இடமுண்டு. கணவன் கைவிட்டால் 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தாபரிப்புப் பணம் கோரவும் முடியும். இவற்றை அறிந்த பாட்டி எத்தனை பேர்?

அரசின் முரண்பாடு ஒன்றையும் இவ்விடத்தில் சுட்டிக்காட்ட வேண்டும். பெண்கள் வீட்டுப் பணிப்பெண்களாக வெளிநாடு செல்வதற்குக் குடும்பப் பின்னணி அறிக்கை 2013 இல் கட்டாயமாக்கப்பட்டபோது, பிள்ளைகளைப் பொறுப்பேற்பவர் யார் என்று காட்டுமாறு கேட்கப்பட்டது. பல குடும்பங்களில் காட்டப்பட்டவர் பாட்டியே. அவ்விதி 2022 இல் தளர்த்தப்பட்டு விட்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்படும்போது பாட்டியைப் பாதுகாவலராக ஏற்கும் அரசு, அந்தப் பிள்ளையைப் பாதுகாக்கத் தேவையான அறிவையும் உதவியையும் அவருக்கு அளிப்பதில் அதே அக்கறையைக் காட்டவில்லை.

இங்கு சில எச்சரிக்கைகளும் அவசியமாகின்றன. முதலாவது, மூத்த பெண்கள் இன்னொரு சமரசச் சபையாக மாறிவிடக் கூடாது. குடும்ப மானத்தின் பெயரால் வன்முறையைப் 'பேசித் தீர்ப்பது' ஏற்கெனவே நம்மிடம் மலிந்துள்ளது. குறிப்பாகச் சிறுவர் மீதான பாலியல் வன்முறையில் பேச்சுக்கே இடமில்லை. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமியின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமாகாது. கெடுத்தவனுக்கே கட்டிக்கொடுத்து விஷயத்தை மூடுவது தீர்வல்ல, குற்றத்துக்கு உடந்தையாதலே. யுத்தத்தின் இறுதி ஆண்டுகளில் கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து காப்பாற்றவெனச் சிறுமியருக்கு அவசர அவசரமாகத் திருமணம் செய்துவைத்த குடும்பங்கள் வன்னியில் உண்டு. அன்று அது உயிர்காக்கும் உபாயமாகத் தோன்றியது. அந்தப் பழக்கம் சமாதான காலத்திலும் தொடர்வதற்கு நியாயம் ஏதுமில்லை.

இரண்டாவது, எல்லாப் பாட்டிமாரும் காப்பாளர்கள் அல்லர். மேற்குறித்த சட்டமே வன்முறை புரியக்கூடியோரின் பட்டியலில் பாட்டனையும் பாட்டியையும் சேர்த்துள்ளது. மருமகளை வதைக்கும் மாமியார் வெறும் கதைப்பாத்திரமல்ல. அதேபோல, குடிபோதையில் வரும் மகனிடம் அடிவாங்கும் மூதாட்டியரும் உள்ளனர். அவர்களுக்கும் அதே சட்டத்தின் பாதுகாப்பு உரியது.

மூன்றாவது, இது ஆண்களின் பொறுப்பைப் பெண்களின் தலையில், அதுவும் வயது முதிர்ந்த பெண்களின் தலையில், ஏற்றிவிடும் தந்திரமாகி விடலாகாது. கசிப்பும் வறுமையும் வன்முறையைத் தூண்டலாம். ஆயினும் குடித்தவன் முதலாளியை அடிப்பதில்லை, மனைவியையே அடிக்கிறான் என்பதிலிருந்து வேர் எங்கே உள்ளது என்பது விளங்கும். ஆண்பிள்ளைகளை வளர்ப்பதிலும் பாட்டிக்குப் பங்குண்டு. பேத்தி தட்டுக் கழுவப் பேரன் விளையாடப் போகும் வீட்டில், பேரனின் கையிலும் அந்தத் தட்டைக் கொடுக்கக் கூடியவர் அவரே. ஆனால் கமக்காரர் அமைப்புகளும், ஆலய பரிபாலன சபைகளும், விளையாட்டுக் கழகங்களும் தத்தம் ஆண் உறுப்பினரோடு இதனைப் பேசாதவரை அவரால் மட்டும் ஆவது சிறிதே.

நடைமுறையில் செய்யக்கூடியவை பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. புதிய அமைப்பொன்றை உருவாக்கத் தேவையில்லை. 2000 ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து கிராம மட்டத்தில் அமைக்கப்பட்ட முதியோர் சங்கங்களும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஏற்கெனவே உள்ளன. அவற்றின் கூட்டங்களில், பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், ஊரின் குடும்பநல உத்தியோகத்தரும் ஒழுங்காகக் கலந்துகொள்ளலாம். விரிவுரை வேண்டாம், ஊரில் நடப்பது போன்ற, முடிவு சொல்லப்படாத ஒரு கதை போதும். பேச வேண்டியவர்கள் அவர்களே.

அக்கூட்டங்களில் மூத்த பெண்கள் மூன்று விடயங்களைத் தெளிவாக அறிந்துகொள்ளச் செய்தால் அதுவே பெரும் ஆரம்பமாகும். அடிபட்டு வந்த பெண்ணை அன்றிரவே திருப்பி அனுப்பலாகாது. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையும், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தையும், அப்பகுதி உத்தியோகத்தரின் பெயரையும் மனதில் வைத்திருக்க வேண்டும். காயத்துடன் வந்தவளை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, காயம் எவ்வாறு ஏற்பட்டது என்ற உண்மையையே வைத்தியரிடம் கூற வேண்டும். 'கிணற்றடியில் வழுக்கி விழுந்தவள்' என்று எழுதப்படும் குறிப்பு பின்னர் நீதிமன்றத்தில் அவளுக்கு எதிராகவே நிற்கும்.

இதற்குப் பதிலாக நிர்வாகம் தன் பங்கைச் செய்ய வேண்டும். துணைக்குச் செல்லும் மூதாட்டிக்குப் போக்குவரத்துச் செலவு வழங்கப்பட வேண்டும். தமிழில் முறைப்பாட்டைக் கேட்டுப் பதியக்கூடிய பெண் பொலிஸார் இரவிலும் பகலிலும் கடமையில் இருக்க வேண்டும் என்பது வடக்கின் நீண்டகாலக் கோரிக்கை. அது இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. யுத்தத்துக்குப் பின் சீருடையைக் கண்டால் அஞ்சி ஒதுங்கும் ஒரு சமூகத்தில் இது வசதி பற்றிய விடயமல்ல, நம்பிக்கை பற்றிய விடயம். பெண்ணும் பிள்ளைகளும் சில வாரங்கள் தங்கக்கூடிய பாதுகாப்பு இல்லங்கள் தொலைதூர நகரங்களில் மட்டுமன்றி இப்பிரதேசங்களுக்கு அருகிலும் அமைய வேண்டும். 2024 இல் நிறைவேற்றப்பட்ட பெண்களை வலுவூட்டும் சட்டத்தின் கீழான தேசிய ஆணைக்குழு, கொழும்புடன் நின்றுவிடாது, மல்லாவி போன்ற இடங்களிலிருந்து தன் பணியை அளந்து பார்ப்பது நன்று.

ஷெல் வீச்சுக்கு நடுவே பேரப்பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் அணைத்துக் காத்த கைகள் அவை. அவற்றுக்குக் காக்கத் தெரியாது என்று எவரும் கூறமாட்டார். வெளியிலிருந்து வந்த ஆபத்தை அவர்கள் அடையாளங்கண்டனர். வீட்டுக்குள்ளிருந்து வரும் ஆபத்தை மட்டும் விதியென்று ஏற்குமாறு அவர்களுக்கு நீண்டகாலமாகக் கற்பிக்கப்பட்டு விட்டது. 'பொறுத்துப் போ' என்ற இடத்தில் 'இங்கேயே இரு, காலையில் நான் கூட வருகிறேன்' என்று ஓர் அம்மம்மா கூறுவாரானால், அக்குடும்பத்தில் ஒரு தலைமுறையின் துயரம் அத்துடன் நிற்கக்கூடும். ஆனால் காலையில் அவர்கள் இருவரும் போய் நிற்கும் அலுவலகத்தில் அவர்களை அமரவைத்துக் கேட்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும். அதனை உறுதிசெய்வது பாட்டிமாரின் கடமையல்ல. அரசினதும் சமூகத்தினதும் கடமையாகும்.